கழிப்பறைக்கென்று விற்ற டிக்கெட்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், மேல்மாடிக்காரர் ஒருநாள் லிஃப்டில் வைத்து என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்குப் பள்ளிக்கூடக் கார்னிவலுக்கெண்டு டிக்கெட் வித்தனீங்கள். ரொய்லெற் கட்டி முடிஞ்சுதோ?"

வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கதவு திறந்த பிறகும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். பாடசாலைக்குக் கழிப்பறை கட்டவென்று அடித்த டிக்கெட் அது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் விசாரிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. முதல் நாள்தான் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு அறிவித்தல் வந்திருந்தது. ஆண்டுவிழாவுக்கு முன்னர் பாடசாலை மண்டபம் முழுவதும் ஏசி பூட்டப்படும், கார்னிவல் நிதியை அதற்குப் பயன்படுத்த அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்துள்ளது என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும். ஒருவரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், போட்டோகொப்பிக் கடை ஒன்றுக்கு மேலே எங்கள் அலுவலகம். கொழும்புத் தமிழரின் ஊர்ப்புதினம்தான் எங்கள் சரக்கு. பாடசாலைச் செய்திகள் என் பொறுப்பு. பரிசளிப்பு விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் போய்ப் படத்தோடு ஒரு பத்தி எழுதுவேன். அதிபர்மாருக்கு என்னைப் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாடசாலையில்தான் என் மகளும் படித்தாள். நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்த காலத்தில் சேர்த்தது. வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அவள் மாற விரும்பவில்லை. ஸ்கூல் வானில் போய்வந்தாள். கார்னிவல் நிதி பற்றி எழுதவேண்டும் என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டபோது இதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"வேற ஆளை அனுப்பலாமெண்டா, அனுப்ப ஆளில்லை. உங்களுக்குப் பயமோ?"

"பயமில்லை, சேர். ஆனா மறைக்க ஏலாது. இதை எழுதுறவவின்ர மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலதான் படிக்கிறா எண்டு செய்தியிலயே போடுவம்."

"போடுங்கோ. முதல் பத்தியிலயே போடுங்கோ."

அன்று பின்னேரம் மகளிடமும் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் ஒரு வாக்கு உண்டு என்பது என் எண்ணம்.

"என்ர பெயர் வராதுதானே?" என்று கேட்டாள்.

"வராது. நீ சொல்லுற ஒண்டும் வராது. மற்றாக்களிட்டத்தான் கேப்பன்."

"அப்ப வடிவாக் கேளுங்கோ, அம்மா. இன்ரவெல்லில ரொய்லெற்றுக்குப் போனா, ரெண்டு கதவுதான் பூட்ட வரும். மற்றதுக்கெல்லாம் ஒரு பிள்ளை வெளியில நிண்டு கதவைப் பிடிக்கோணும். மேல்வகுப்பில கனபேர் தண்ணி குடிக்கிறேல்லை."

எனக்கு இது தெரியாது. தினமும் அவளை அனுப்பி வைத்தும், ஒரு தாயாகவும் தெரியாது, செய்தியாளராகவும் தெரியாது. அந்தக் கிழமை முழுவதும் பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்று தாய்மாரோடு கதைத்தேன். கல்கிசையிலிருந்து பிள்ளையை அனுப்பும் ஒரு தாய் என்னை மதிலோரமாக அழைத்துப் போனார். மகளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

"டொக்டர் தண்ணி குடிக்கச் சொல்லிட்டார். இவள் என்னெண்டா, குடிச்சாப் போகவேணுமே அம்மா எண்டு அழுறாள். இதை நான் ஆரிட்டச் சொல்ல?"

"எனக்குச் சொல்லிட்டியள். எழுதலாமோ?"

அவர் வீதியைப் பார்த்தார். பிறகு, பெயர் போடாமல் எழுதச் சொன்னார்.

அதிபரிடம் நேரம் கேட்டுப் போனேன். எப்போதும் தேநீர் தருபவர், அன்று தரவில்லை. முடிவு சங்கத்தினுடையது, மண்டப வேலையைப் பொறுப்பெடுத்திருப்பவர் உபதலைவர், அவரிடம் கேளுங்கள் என்றார். நான் எழுந்தபோது மெதுவாகச் சொன்னார்: "வெளியாக்கள் எழுதினால் விளங்கும். நீங்கள் எங்கட ஆள்."

"அதாலதான் முதல்ல உங்களிட்ட வந்தனான், மிஸ்."

உபதலைவர் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து, தன் கையால் கடையை எழுப்பியவர். மூன்று பெண்பிள்ளைகளையும் அதே பாடசாலையில் படிப்பித்தவர். பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் எனக்கொரு கதிரை போட்டு, நெக்டோ சோடா எடுப்பித்துத் தந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் உற்சாகமாகத்தான் கதைத்தார்.

"மிஸ், ஹோலுக்கு ஏசி போட்டா வாடகைக்குக் குடுக்கலாம். கலியாண வீடு, அரங்கேற்றம், எல்லாம் வரும். அந்தச் சல்லியில ஒவ்வொரு வருசமும் டொய்லட் மட்டுமில்ல, எல்லாம் செய்யலாம். ஒருக்கா செலவழிச்சா ஸ்கூலுக்கு நெடுக வருமானம். நான் யாவாரி. யோசிக்காம செய்வனா?"

"டிக்கெட்டில டொய்லட்டுக்கு எண்டுதானே அடிச்சிருந்தது?"

"அடிச்சதுதான். எங்க போகப்போகுது? கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதானே."

"அந்த டொய்லட்டை நீங்கள் பாத்திருக்கிறீங்களா?"

சிரித்தார். "பொம்புளப் புள்ளைங்கட பக்கம் நான் எப்பிடிப் போறது, மிஸ்?"

செய்தியில் அவருடைய நியாயத்தை அவர் சொன்ன ஒழுங்கிலேயே முழுதாகப் போட்டேன். கடைசிக் கேள்வியையும் பதிலையும்கூடப் போட்டேன். தாய்மார் சொன்னவை அதற்குப் பக்கத்தில். என் கருத்தென்று ஒரு சொல்லும் இல்லை. தலைப்பை ஆசிரியர் வைத்தார்: "கழிப்பறைக்குச் சேர்த்த நிதி மண்டபத்துக்கு". இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற நினைக்காத செய்தி அது.

பத்திரிகை வந்த அன்று வாட்ஸ்அப் குழு கொதித்தது. பாடசாலையின் மானத்தை விற்றுவிட்டாள் என்று ஒருவர் எழுதினார். இவவுக்கு எவ்வளவு கிடைத்ததாம் என்று இன்னொருவர். ஆண்டுவிழாவுக்காக எங்கள் பத்திரிகையில் பாடசாலை பணம் கொடுத்துப் போடவிருந்த சிறப்பிதழை நிறுத்திவிட்டதாக ஆசிரியருக்குத் தொலைபேசி வந்தது. எங்களைப் போன்ற சிறிய பத்திரிகைக்கு அது நல்ல அடி. ஆசிரியர் அதை எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "சங்கத்தின்ர பொதுக்கூட்டம் எப்ப எண்டு கேட்டு வையுங்கோ, விடாமல் போகவேணும்" என்றார்.

எனக்கு வலித்தது வீட்டில்தான். ஆண்டுவிழாவில் தமிழ் அறிவிப்பாளராக மகள் தெரிவாகியிருந்தாள். அந்த வாரம் அவளை ஒத்திகைக்கு அழைக்கவில்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இருங்கோ அம்மா," என்றாள். "நீங்கள் வந்தா, பேப்பர் வந்ததெண்டு நினைப்பினம். நான் கேக்கிறன்."

மறுநாள் அவளே ஆசிரியையிடம் போய், "மிஸ், என்ர குரல் சரியில்லையா, இல்ல அம்மா எழுதினதாலயா?" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை தடுமாறி, ஒருவரும் அப்படி நினைக்கவில்லை, மறதியில் விடுபட்டுவிட்டது, பின்னேரம் வா என்று சொன்னாராம். மறதியோ என்னவோ, அன்று பின்னேரம் அவள் ஒத்திகையில் நின்றாள். அவளை நினைத்து எனக்கு வந்த பெருமையை அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

வழக்கமாகப் பொதுக்கூட்டத்துக்கு முன்வரிசை நிறைந்தால் பெரிய காரியம். அன்று மண்டபத்தில் இடமில்லை. தாய்மார் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஃபான்கள் சத்தமாகச் சுற்றின, காற்று வரவில்லை. நான் பக்கச் சுவரோரம் குறிப்பெடுக்கும் கொப்பியோடு இருந்தேன். வாக்களிப்பதில்லை, கதைப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்தேன். யாரோ ஒருவர், "எழுதினவவே எழும்பிச் சொல்லட்டும்" என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இண்டைக்கு எழுத வந்திருக்கிறன்," என்றேன். "நீங்கள் கதையுங்கோ."

பிறகு கல்கிசைத் தாய் எழுந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொன்ன அதே தாய்.

"பேப்பரில வந்த அம்மா நான்தான்," என்று தொடங்கினார். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். ஒரு தகப்பன் எழுந்து ஏசியும் தேவைதான் என்று சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

உபதலைவர் எங்கள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். என்னைத் தாக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கினார்.

"நான் சொன்னத இவங்க ஒண்ணும் மாத்திப் போடல்ல. வாசிச்ச ஒடன என்ட மூத்த மக ஃபோன் எடுத்தா. டெடி, நான் படிக்கிற காலத்திலயே அப்பிடித்தான் இருந்திச்சு எண்டு சொல்றா. எனக்கு ஒரு நாளும் சொல்லல்ல." அதிபரைப் பார்த்தார். "மிஸ், இப்ப புள்ளைங்க இல்லதானே. நான் போய்ப் பாக்கவா?"

அதிபர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தானே எழுந்து முன்னால் நடந்தார். இரண்டு தாய்மார் கூடப் போனார்கள். நானும் பின்னால் போனேன். உபதலைவர் ஒவ்வொரு கதவாகத் திறந்தார், தண்ணீர்க் குழாய்களைத் திருகிப் பார்த்தார். குழாயைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசிக் கதவு அவர் கையோடு கழன்று வந்தது. அதை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்தார். அதிபர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் எழுதினேன்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்து உபதலைவர் மைக்கைப் பிடித்தார். "ஏசிய விடுங்க. இது முதல்ல." கை தூக்கச் சொன்னபோது, எதிர்த்துக் கதைத்த தகப்பனும் தூக்கினார்.

அடுத்த வாரம் அதை எழுதினேன். அதோடு ஒரு கேள்வியையும் எழுதினேன்: வேலைக்கான சாமான்கள் எந்தக் கடையில் வாங்கப்படும்? பத்திரிகை வந்த காலையே உபதலைவர் தொலைபேசியில் பிடித்தார்.

"என்ன மிஸ், நான் நல்லது செஞ்சும் விடமாட்டீங்களா?"

"நல்லது செய்தபடியாத்தான் கேக்கிறன். மற்றாக்கள் கேக்கமுதல் நீங்களே சொல்லிடுங்கோ."

கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எழுதிக்கங்க. என்ட கடையில ஒரு ஆணியும் வாங்க மாட்டாங்க. வேற கடைகள்ட்ட விலை கேட்டு, வர்ற எல்லாத்தையும் நோட்டீஸ் போர்டுல போடுவம்."

சொன்னபடி போட்டார்கள். தாய்மார் நின்று வாசித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் வேலை நடந்தது. ஆண்டுவிழா பழைய ஃபான்களுக்குக் கீழே நடந்தது, எல்லாரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். மகள் பிசகில்லாமல் அறிவித்தாள். அந்தப் பகுதியை எழுத வேறொருவரை அனுப்பும்படி ஆசிரியரிடம் கேட்டிருந்தேன். அவரே வந்து முன்வரிசையில் இருந்து எழுதினார்.

சிறப்பிதழ் திரும்பி வரவில்லை. உபதலைவரும் நானும் நண்பர்களாகவும் இல்லை. கூட்டத்தில் என்னைக் கண்டால் இன்றும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். ஆனால் செலவு பற்றிய தீர்மானம் ஒன்றை வாசிக்கும்போது நிறுத்தி நிதானமாக, நான் எழுதி முடிக்கும் வேகத்தில்தான் வாசிக்கிறார்.