மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க, உட்காருங்க" என்று யாராவது ரொம்பவும் உபசரித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் என் அத்தை, அப்பாவின் அக்கா. கொஞ்சம் நானும்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. திருவிழா மூன்று நாள், மூன்று நாளும் அன்னதானம். காய் நறுக்க வீட்டுக்கொரு அரிவாள்மனை வந்தாக வேண்டும். அதில் அந்த வீட்டுப் பெண்தான் உட்கார வேண்டும். உட்காராத வீட்டைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்கு சோரியாசிஸ் வந்தது. கைகளிலும் நெற்றியிலும் தோல் சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வரும். போகட்டும், ஊராருக்குத் தெரியாது. தொட்டால் ஒட்டாது, யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொன்னபோது கூடவே உட்கார்ந்து தலையாட்டியவள் அத்தை. அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷத் திருவிழாவின் முதல் நாள் அம்மா கோயிலுக்குள் நுழைந்ததுமே அத்தை அவள் கையிலிருந்த அரிவாள்மனையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நீ எதுக்கு கஷ்டப்படணும்? கை வய்யாத ஆளு, சுகமில்ல. வெறுதே இரு, போதும்."

மின்விசிறிக்குக் கீழே நாற்காலி வந்தது. சாயா வந்தது, அதுவும் பேப்பர் கப்பில். மற்றவர்களுக்கெல்லாம் தரையும் ஸ்டீல் டம்ளரும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கம்மாவுக்கு மட்டும்தான் நாற்காலி என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் நான் போனபோது அம்மா யாரையும் கேட்காமல் பாயில் உட்கார்ந்து மத்தங்காய், அதாவது பரங்கிக்காய், நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு அரிவாள்மனையில் தன் இடம், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சுற்றி இருந்தவர்கள் புடவையை ஒதுக்கி ஒதுக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். எழுந்திரு என்று வாயைத் திறந்து சொல்ல ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. கோழைகள். அந்தக் காரியத்தை நான் செய்து கொடுத்தேன். நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, "அம்மா, உன் நாற்காலி" என்றேன்.

"கண்டோ, குழந்தைக்கு இருக்கிற விவரம்," என்று அத்தை சிரித்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் நறுக்கிய துண்டுகளை அத்தை வாழையிலையால் கூட்டி, மாட்டுக்குப் போடும் கூடையில் தள்ளினாள்.

"சொத்தையா அத்தை?"

"ஆமா கண்ணு, எல்லாம் சொத்தை."

கேட்டதோடு நிற்கவில்லை நான். மின்விசிறிக்குக் கீழே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், அவள் நறுக்கியதெல்லாம் சொத்தையாம், மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள் என்று.

"அப்படியா," என்றாள் அம்மா, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. நல்ல காயாகப் பார்த்து எடுத்திருக்கலாம் அவள் என்று நினைத்தேன்.