ஒட்லைவ் வலை போட்ட இடம்

ஸ்குல்விக் என்ற மீன்பிடித் துறையில் யாரிடமாவது மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால் கூசாமல் பொய் சொல்வார்கள். கேட்டவனும் அதை நம்பமாட்டான். தேவாலயக் கோபுரம் எந்தப் பாறைக்கு நேராக வரும்போது வலையை இறக்க வேண்டும் என்பதை அப்பன் மகனுக்குச் சொல்வான். மகன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டான். வடநார்வேயில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குன்வோருக்கு இந்த வழக்கம்தான் வினையாக வந்து சேர்ந்தது.

அவள் துறையில் மீன் தலை அறுப்பவள். பதினோரு வருடமாக காட் மீனின் காதுக்கல்லையும் எடுத்து உறையில் போட்டு, மீன் பிடித்த இடத்தை மேலே எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்புகிறாள். மண்டைக்குள் இருக்கும் சின்ன வெள்ளைக் கல் அது. உடைத்து லென்ஸில் பார்த்தால், மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். உள்வளையம் உருண்டையாக இருந்தால் ஊர் மீன். மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியிலேயே பிறந்து அங்கேயே கிடப்பது. நீண்டு நெளிந்திருந்தால் வலசை மீன். வடகடலிலிருந்து முட்டையிட வந்து போவது. வெளியே இருந்து பார்த்தால் பழகிய கண்ணுக்கே குழப்பம் வரும். வலசை மீன் ஏராளம், ஊர் மீன் கொஞ்சம். அதைக் காப்பாற்றத்தான் கழியின் வாயில் எல்லைக்கோடு போட்டு, பெரிய படகுகளை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் ஆய்வகத்திலிருந்து சிலியே என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். 'கழிக்குள்' என்று எழுதிய உறைகளில் ஊர் மீனே இல்லையாம். உருண்டை வளையமெல்லாம், கழிக்கு வெளியே திறந்த கடலில் இருக்கும் 'வெளிமேடு' என்று எழுதிய உறைகளில்தான் இருக்கிறதாம். கழிக்கென்று தனிக் கூட்டம் கிடையாது என்று முடிவுகட்டி, மே மாதம் எல்லைக்கோட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்றாள்.

குன்வோருக்கு உடனே விளங்கிவிட்டது. உள்ளே பிடித்தவன் வெளியே என்றான், வெளியே பிடித்தவன் உள்ளே என்றான். அவள் அத்தனையையும் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள். பொய் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டவளுக்கு, அதை எழுதும்போது மட்டும் புத்தி எங்கே போயிருந்ததோ. பெரிய படகுகள் வந்து இரண்டு பருவம் வாரினால் கழி காலியாகிவிடும். பிறகு எட்டு மீட்டர் படகை வைத்துக்கொண்டு அவள் கணவன் ஒட்லைவ் என்ன செய்வான்?

வெட்கத்தை விட்டு, அந்த உறைகளை நம்பாதே என்று சிலியேவிடம் சொன்னாள். மார்ச் முடிவதற்குள் கழிக்குள் பிடித்த அறுபது மீனின் கல், உண்மையான இடத்தோடு வேண்டும் என்று பதில் வந்தது. துறையில் ஆண்களிடம் சொன்னபோது எல்லோரும் காப்பிக் குவளைக்குள் பார்த்தார்கள். "நாங்க சொன்னதையா எழுதின?" என்று ஒருவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மீனும் ஈரலும் சினையும் வேகவைத்து மேசையில் வைத்துவிட்டு, குன்வோர் கணவனைப் பிடித்துக்கொண்டாள். அவனோ சரியான கல்லுளிமங்கன்.

"நாளைக்கு எங்க வலை போடுற?"

"வெளிமேட்டுல."

"வெளிமேட்டுக்குப் போற படகு உப்பும் பனிக்கட்டியுமா திரும்பி வரும். உன் படகு காஞ்சு போய் வருது. இருபத்திரெண்டு வருஷமா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒட்லைவின் முகம் சிவந்தது. "அப்புறம் என்னத்துக்குக் கேக்குற?"

"நானா ஊகிச்சு எழுத முடியாது. நீயா சொல்லணும்."

அவன் உருளைக்கிழங்கை மசித்தான், மறுபடி மசித்தான். "எங்கப்பா எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல" என்றான். குன்வோர் தட்டுகளைச் சத்தமாகவே கழுவினாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை அவன் வாசலில் நின்றான், கையில் அவளுடைய ரப்பர் பூட்ஸ். "சொல்ல வரமாட்டேங்குது. வந்து பாத்துக்க" என்றான்.

கழியின் உள்மூலையில், தேவாலயக் கோபுரம் ஒரு படகுக் கொட்டகைக்குப் பின்னால் மறைந்ததும் ஒட்லைவ் எஞ்சினை நிறுத்தினான். மேலே தூக்கிய வலையில் மீன் துள்ளியது. குன்வோர் படகிலேயே தலை அறுத்து, கல் எடுத்து, உறையில் எழுதினாள். அவள் எழுதுவதைப் பார்க்க மனமில்லாமல் அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒட்லைவே சொல்லிவிட்டான் என்று தெரிந்ததும் துறையே மனம் மாறியது. ஒவ்வொருவனாகத் தனியே வந்து, அக்கம்பக்கம் பார்த்து, அவள் காதில் சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் கொண்டுவந்ததோடு சேர்த்து மொத்தம் அறுபத்து நான்கு மீன்.

ஏப்ரல் நடுவில் சிலியே அழைத்தாள். ஐம்பத்தொன்றில் உருண்டை வளையம். எல்லைக்கோடு இருக்கும் என்றாள். குன்வோர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் படகுத்துறைக்கு ஓடினாள். மூச்சிரைக்க அவள் சொல்லி முடிக்கும்வரை ஒட்லைவ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். சுருட்டி முடித்து, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டான்.

"நாளைக்கும் வரியா?" என்றான். "இன்னொரு இடம் இருக்கு."