இருபது தடவை எழும்பச் சொன்ன டாக்டரம்மா

டாக்டர் எஸ்தரம்மாள் இறந்துபோன செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிரேசர் டவுன் மாதா கோயில் அறிவிப்புப் பலகையில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். யார் உதவியும் இல்லாமல் ஒரு வரியை முழுதாகப் படித்துவிட்ட மகிழ்ச்சிதான் முதலில் வந்தது. அந்த வரி சொன்னது பிறகுதான் உறைத்தது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

சின்ன வயதில் வந்த ஒரு ஜுரம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். வலது காலை நம்பி முப்பது வருஷம் மில்லில் நின்றபடி தறி ஓட்டினேன். ஐம்பதை நெருங்கும்போது அந்த நல்ல கால் சாயங்காலமானால் துவண்டது. மில் டாக்டர் காலையில் பார்த்தார். வேலை போய்விடுமே என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உதறிக் காட்டினேன். நோய் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்.

"ஏன்யா, டாக்டர்கிட்ட குதிரை மாதிரி நிக்கறே, தறிகிட்ட வந்தா படுத்துக்கறே. இன்னொரு தடவை உக்காந்தா வீட்டோட இருந்துக்கோ" என்றார் மேஸ்திரி.

கால் தேறட்டும் என்று என் தம்பி குஸ்திக் கூடத்தில் சேர்த்துவிட்டான். தினமும் ஐம்பது பஸ்கி, குந்திக் குந்தி எழ வேண்டும். ஒரே மாதத்தில் படி ஏற முடியாமல் போயிற்று.

அப்போதுதான் எஸ்தரம்மாளிடம் போனேன். காலையில் போனவனை, வேலை முடிந்த பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது கால் விரல்களை ஊன்றி இருபது தடவை எழும்பச் சொன்னார். மூன்று வரை சுலபம். ஐந்தில் கெண்டைக்கால் நடுங்கியது. எட்டாவதற்குக் குதிகால் தரையை விட்டு வரவில்லை. சுவரை அழுத்தி உடம்பைத் தூக்கப் பார்த்தேன்.

"என்கிட்ட எதுக்குங்க பலம் காட்டறீங்க?" என்றார். "அந்த ஜுரம் ரெண்டு காலையும் தொட்டிருக்கு. இந்தக் கால்ல மிஞ்சின பலம் இத்தனை வருஷமா ரெண்டு பங்கு உழைச்சுக் களைச்சுப்போச்சு. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இதுதான். பஸ்கியை இன்னியோட விடுங்க."

பிறகு மில்லுக்குச் சான்று எழுதக் காகிதத்தை எடுத்தார், எழுதவில்லை. உள்ளதை எழுதினால் நொண்டி என்று மில்லில் அனுப்பிவிடலாம், எழுதாவிட்டால் சோம்பேறி என்று அனுப்புவார்கள், எது வேண்டும் என்று என்னையே கேட்டார்.

"எழுதுங்கம்மா."

காகிதத்தை மில்லில் கொடுத்தேன். மூன்று நாள் பதில் இல்லை. வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல், உட்கார்ந்து துணி சோதிக்கும் மேசையைக் காட்டினார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

"களைச்ச பிறகு உக்காராதீங்க. களைக்கறதுக்கு முன்னாடி உக்காருங்க" என்பார் எஸ்தரம்மாள். அதைத்தான் அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். அறுபதுக்குமேல் எழுத்துக் கற்றதும் அப்படித்தான். இதையும் நாளுக்கு நான்கு வரியாக எழுதினேன். கைக்கு இன்னும் எழுத ஆசை இருக்கிறது, நிறுத்துகிறேன்.