இருட்டில் கேட்ட க்ளைமாக்ஸ்

எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் அன்று பார்த்த இந்திப் படம் போல விறுவிறுப்பான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கொலை, துரத்தல், மழை, ரயில் என்று கண் இமைக்கவே விடவில்லை. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற எனக்கே மூச்சு முட்டியது.

குண்டடிபட்ட ஹீரோ ரயிலைப் பார்த்து ஓடும்போது தியேட்டரில் கரண்ட் போய்விட்டது.

பக்கத்து சீட்டில் ஒரு வடநாட்டுப் பையன். சாயப்பட்டறையில் வேலை போலிருக்கிறது. விரல்களில் நீலம் ஏறியிருந்ததை இடைவேளையிலேயே பார்த்திருந்தேன்.

"ஏனுங்க, அவன் பொழச்சுக்குவானுங்களா?" என்று கேட்டேன்.

"நான் முன்னாடி பாத்தாச்சு அண்ணா," என்றவன், இருட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "சாகலே. ரயில் ஏறி ஊருக்குப் போறான். அம்மா கதவு தொறக்குது. சூடா ரொட்டி போடுது. அவன் தூங்குறான்."

கரண்ட் வரவேயில்லை. நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் ஊசிக்கடியில் ஓடிய துணியெல்லாம் எனக்கு அந்த ரயிலாகவே தெரிந்தது.

சில வருடங்கள் கழித்து டிவியில் அதே படம். ரயில் படியில் கால் வைக்கும்போதே இன்னொரு குண்டு பாய்ந்து, ஹீரோ பிளாட்பாரத்தில் சரிந்தான். அதோடு படம் முடிந்தது. அம்மாவும் இல்லை, கதவும் இல்லை.

என்னைத் தேற்றத்தான் பொய் சொன்னான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தோன்றியது: அந்தப் பையன் சொந்த ஊருக்குப் போய், அம்மா கையால் ரொட்டி சாப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருந்ததோ!

அந்தப் படம் எப்படி என்று யாராவது கேட்டால், இன்றும் அந்தச் சூடான ரொட்டி வரைக்கும் சொல்லித்தான் முடிக்கிறேன்.