மாலை போடாத படம்

மகள் பிரணவியின் கல்யாணத்துக்கு முன்பாக, நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இருந்த வீட்டில், இறந்தவர்களுக்குப் படையல் வைத்தார்கள். இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் படங்களும் வரிசையாக இருந்தன. கடைசியில் சற்குணத்தின் தம்பி மகேசனின் படம், புது மாலையோடு. குசினியிலிருந்து சோற்றுச் சட்டியோடு வந்த சற்குணம் அதைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தாள். சொந்தங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மாலையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆர் இதை இஞ்ச வைச்சது?"

"நான்தான்," என்றார் கணவர் தியாகலிங்கம். "எவ்வளவு வருசமாச்சு. போனவையோட சேர்த்துப் படைச்சா அவன்ரை ஆத்மாவும் ஆறும்தானே."

"அவன் போகேல்லை. அவனைக் கொண்டு போனவை. கொண்டு போன ஆக்கள் முதல்ல பதில் சொல்லட்டும்."

யாழ்ப்பாணத்தில் 1996இல் நடந்தது அது. சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்ட மகேசனை ஆமிக்காரர் வீட்டு ஒழுங்கை முகப்பிலேயே மறித்து, விசாரணை என்று வண்டியில் ஏற்றினார்கள். சற்குணம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எந்த முகாமுக்குப் போய்க் கேட்டாலும், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்ற பதில்தான். "என்ரை கண்ணுக்கு முன்னால ஏத்தினதை இல்லையெண்டு சொல்லாதேங்கோ" என்று அவள் அங்கேயே குந்தியிருப்பாள். விரட்டினால் மறுநாளும் போவாள்.

அகதியாக ஆக்லாந்து வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தவள், பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது சொந்தத்தில் சிலர் சிரித்தார்கள். முதல் சோதனையில் தவறிய பிறகு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மறுபடி எழுதித் தேறி, சான்ட்ரிங்ஹாம் வீதியில் அவர்களையே ஏற்றி இறக்கினாள்.

பிரணவி பல்கலைக்கழகத்தில் சந்தித்தவன் குவாத்தமாலாக்காரன் மத்தேயோ. கல்யாணம் அவனுடைய ஊரில் நடந்தது. முடிந்ததும் புதுத் தம்பதி கடற்கரைப் பக்கம் புறப்பட்டுப் போக, சற்குணமும் தியாகலிங்கமும் தலைநகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கினார்கள். இரவுதான் விமானம். பகல் முழுவதும் சும்மா கிடந்தது.

"வெளியில போகாதேங்கோ, அம்மா. நொட் சேஃப்," என்று பிரணவி ஃபோனில் சொல்லியிருந்தாள். தியாகலிங்கம் கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் வந்து ஒரு நகரத்தைப் பாக்காமப் போறதோ? எழும்புங்கோ."

"உமக்கென்ன விசரே? நான் வரேல்லை."

"அப்ப படுத்திருங்கோ. நான் போறன்."

விடுதி வரவேற்பில் நின்ற பெண் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். நகர மையத்துக்குப் போகும் நீளமான பச்சை பஸ்ஸில் ஏறி, சாரதியைப் பார்க்கக்கூடிய இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள் சற்குணம். குறுக்கே பாய்ந்த மோட்டார் சைக்கிள்காரனை அவன் திட்டிய விதம் அவளுக்குப் பிடித்துப்போனது. வார்த்தை விளங்காவிட்டாலும் பொருள் நன்றாகவே விளங்கியது.

கார் போகாத ஒரு நீண்ட கடைத்தெருவில் இறங்கி நடந்தாள். சப்பாத்துத் துடைப்பவர்கள், மாங்காய்க் கீற்றில் உப்பும் தூளும் தூவி விற்கும் பெண்கள், கடைக்குக் கடை பாட்டு. தெரு பெரிய சதுக்கத்தில் போய் முடிந்தது. ஒரு பக்கத்தில் பேராலயம். அதன் முன்னால் நின்ற தூண்களில் எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. வேதவசனமாக்கும் என்று நினைத்துக் கிட்டப் போனாள். வசனம் இல்லை. பெயர்கள். மேலிருந்து கீழ்வரை, தூணுக்குத் தூண் பெயர்கள்.

பக்கத்துத் தெருவில் அவள் வயதையொத்த ஒரு பெண் சுவரில் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு முகம், அடியில் ஒரு பெயர், ஒரு ஆண்டு. சற்குணத்துக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இவர்களும் மகேசனைப் போலக் கொண்டுபோகப்பட்டவர்கள்; தூண்களில் இருந்தவையும் இப்படிப்பட்டவர்களின் பெயர்கள்தான். அவள் ஒரு இளைஞனின் முகத்தைச் சுட்டிக்காட்டி, அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"மி எர்மானோ," என்றாள் அந்தப் பெண்.

கல்யாண வீட்டில் மத்தேயோ தன் சகோதரர்களை அப்படித்தான் அறிமுகப்படுத்தினான். சற்குணம் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மகேசனின் படத்தைக் காட்டினாள். "எர்மானோ," என்று தன் நெஞ்சைத் தொட்டாள். ஃபோனில் 1996 என்று எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் தன் தாளில் இருந்த ஆண்டைத் தொட்டாள். 1982.

சற்குணத்தின் கண் கலங்கியது. ஆனாலும் அழுகையைவிடப் பெரிதாக வேறொன்று உள்ளே எழும்பியது. இவள் என்னைவிட எத்தனை வருடம் முந்தி நிற்கத் தொடங்கியிருக்கிறாள்! இன்னும் பசை வாளியோடு நிற்கிறாள். எனக்கு மட்டும் போதும் என்று சொல்ல வீட்டில் இருப்பவர்கள் யார்?

அந்தப் பெண் தூரிகையை நீட்டினாள். சற்குணம் வாங்கிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. "எங்க நிக்கிறீர்?" என்று கத்தினார் தியாகலிங்கம்.

"டவுனுக்குள்ள, பெரிய கோயிலடியில. இஞ்ச வாங்கோ."

டாக்ஸி பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது, மனைவி புறங்கையெல்லாம் பசையோடு சுவரில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பொலிஸ் பிடிச்சா என்ன செய்வீர்? பிளேன் இருக்கெண்டது நினைவிருக்கோ?"

"இருக்கு. இன்னும் கொஞ்சத் தாள்தான். இந்த வாளியைப் பிடியுங்கோ."

"சற்குணம், அவன் செத்துப்போனான் எண்டு உமக்கும் தெரியும்."

அவள் திரும்பினாள். "தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவை வாய் திறக்கேல்லை. நாங்களா மாலையைப் போட்டு அவைக்கு வேலையைச் சுகமாக்கிக் குடுக்கிறதோ?"

தியாகலிங்கம் சுவரைப் பார்த்தார். ஒரு தாளில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அவர் வாளியைக் கையில் வாங்கினார். பிரியும்போது அந்தப் பெண் தாளின் மேலே இருந்த வரியைத் தடவிச் சொல்லிக்கொடுத்தாள். "தோந்தே எஸ்தான்." எங்கே அவர்கள்? விமானத்தில் ஏறும் வரைக்கும் சற்குணம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்லாந்து திரும்பியதும் மகேசனின் படத்தைப் பெரிதாக அச்சடித்தாள். "எங்கே?" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அடியில் போட்டு, சான்ட்ரிங்ஹாமில் நவரத்தினத்தின் பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, சாமான் வாங்க வாற இடம். சனம் ஒருமாதிரிப் பாக்கும்," என்றார் நவரத்தினம்.

"பாக்கத்தான் ஒட்டுறன், தம்பி. கச்சேரி நோட்டீசு, வாடகைக்கு ரூம் எல்லாம் ஒட்டியிருக்கிறீர். என்ரை தம்பிக்கு இடமில்லையோ?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கடை முகப்புக் கண்ணாடியில் ஒரு மூலையைக் காட்டினார். அவள் நடுவில் ஒட்டினாள்.

ஒருவர் அதைக் கழற்றச் சொல்லிச் சண்டைக்கு வந்தார். இன்னொரு நாள் யாரோ பாதியைக் கிழித்துவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே புதியதை ஒட்டினாள். அடுத்த வாரம் நகரின் தெற்குப் பக்கத்து மனுரேவாவிலிருந்து ஒரு பெண் வந்து, உறையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து, "இவர் என்ரை மனுசன். இதையும் பக்கத்தில ஒட்டலாமோ, அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், தாரும்," என்றாள் சற்குணம். தியாகலிங்கம் காருக்குள் போய் ஒட்டும் நாடாவை எடுத்து வந்தார்.