முதுகைப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

அந்த ஹெட்போனுக்கு ஒரு காதுதான் இருந்தது. இன்னொன்றை அவரே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, அறுந்த முனையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார். ஒரு காது கம்ப்யூட்டருக்கு, ஒரு காது மனிதர்களுக்கு என்பது அவர் கணக்கு. நாமக்கல் பக்கத்தில், விடுதியோடு கூடிய ஒரு பெரிய தனியார் பள்ளியில் நான் மேனேஜராக இருந்தபோது, அலுவலகத்தின் மூன்றாவது மேஜை அவருடையது. ஏழு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போனவர். மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ்களை எல்லாம் அவர்தான் டைப் செய்வார் என்பதால், பெற்றோர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘டி.சி. அக்கா’தான். தினமும் வெண்ணந்தூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எங்களில் பாதிப் பேருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. அது பேசுகிற வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவருக்கு அதுவே மெதுவு. மௌஸைத் தொடவே மாட்டார். எந்த விசையோடு எந்த விசையை அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்பது எல்லாம் விரலில் இருந்தது. ஒருமுறை ஹெட்போன் கழன்று, அந்தக் குரல் ஸ்பீக்கரில் கடகடவென்று கொட்டிவிட்டது. அலுவலகமே சிரித்தது. அந்த வருடம் ஆசிரியர் தின விழாவில் மேடையேறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலைப் போலப் பேசிக் காட்டியது நான்தான். கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவரும் சிரித்தார். “அச்சு அசலா அதே மாதிரிங்க சார்” என்றார். அவர் சிரித்ததனால் நான் செய்தது சரி என்று முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு சுலபமாக முடிவு செய்திருக்கிறேன் பாருங்கள்.

கரஸ்பாண்டென்ட் என்பதைச் சுருக்கி, எங்கள் தாளாளரை எல்லோரும் கரஸ் என்போம். கோழிப்பண்ணையில் சம்பாதித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர். பண்ணையைப் பார்த்துக்கொண்ட அக்கறையில் பாதியைக்கூட அவர் பள்ளிக்குக் காட்டியதில்லை. ஆனால் பக்கத்துப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் ஆள் கண்கொத்திப் பாம்பாக இருப்பார். திருச்செங்கோடு ரோட்டில் இருந்த ஒரு பள்ளியின் வரவேற்பறையில் மேக் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துவிட்டார்கள் என்று அவர் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து எங்களுடைய கறுப்பு விண்டோஸ் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். சேர்க்கைக் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எதை வாங்குவது என்று விசாரித்து வரச் சொல்லி என்னைத்தான் சேலத்துக்கு அனுப்பினார். எனக்கும் உள்ளுக்குள் அந்த மேக் மேல் ஆசைதான், பொய் சொல்வானேன்? என் மேஜையில் ஒன்று இருந்தால் என் மரியாதையே வேறு என்று நினைத்தேன். ஆகவே விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டிலும் ஒவ்வொன்றைப் பார்வைக்கு வாங்கிக் கொண்டுவந்தேன்.

புதிதாகக் கட்டிய கண்ணாடி அறையில் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்தோம். துணை முதல்வர், விடுதி வார்டன், வேன் பொறுப்பாளர், சேர்க்கைப் பிரிவுப் பெண்கள் இருவர், நான், டி.சி. அக்கா என்று ஏழு பேர் சுற்றி நின்றோம். கரஸ் எதன் சுவிட்சையும் போடச் சொல்லவில்லை. நேராகப் போய், பெற்றோர் உட்காரும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். “ரெண்டையும் திருப்புங்கப்பா, முதுகைக் காட்டுங்க” என்றார். திருப்பினோம். வெள்ளி நிறத்தில் வழுவழு என்று மேக்கின் முதுகு. ஒயரும் தூசி படிந்த துளைகளுமாக மற்றதன் முதுகு. “வர்றவன் பாக்கறது இந்தப் பக்கத்தைத்தானுங்களே! அப்புறம் என்னத்துக்கு யோசனை?” என்றார். முன்பக்கத்தில் என்ன ஓடும், எது எங்கள் வேலைக்கு ஆகும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள், இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியாதவர்.

“அது பேசுமாங்க ஐயா?”

கரஸ் என்னைப் பார்த்தார். “பேசும், பேசும். இதைவிட நல்லாவே பேசும்” என்றேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் அது உண்மை என்று பிற்பாடு தெரிந்தது. அந்த இயந்திரத்தின் மேல் குற்றமே கிடையாது. நன்றாகத்தான் பேசிற்று.

“பேசறது பெரிசில்லீங்க சார். நான் அதுகிட்டக் கேக்கறதுக்கு விரல் பழகோணுமுங்களே. இது எட்டு வருசத்துப் பழக்கமுங்க. அதுல விசையெல்லாம் வேற மாதிரின்னு எங்க கண்ணு தெரியாதவங்க சங்கத்துல சொன்னாங்க. எல்லாத்தையும் மாத்திக்குங்க, நான் வேண்டாங்கலை. ஒரு மூணு மாசத்துக்கு என்ற மேசையில மட்டும் பழசு இருக்கட்டுங்க. அதுக்குள்ள பழகிப்போடுவேன். பாப்பா இங்கதான் ஒம்பதாவது படிக்குது, உங்களுக்கே தெரியுமுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊழியர் பிள்ளை என்பதால் அந்தப் பெண்ணுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவின் வேலை போனால் மகளின் படிப்பும் அங்கே போய்விடும். கரஸ் கொஞ்சநேரம் சோபாவின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வரிசையில ஒண்ணு மட்டும் கறுப்பா நின்னா, பல்லு போன வாயாட்டம் இருக்குமுங்கம்மா.” துணை முதல்வர் களுக்கென்று சிரித்தார். கரஸுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. “சரி, நான் சொன்னதாவே இருக்க வேண்டாம். ஓட்டுப் போட்டுருவோம். மேக் வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க” என்றார்.

கண் தெரியாத ஒருவரை நடுவில் நிற்க வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். அதில் இருந்த அக்கிரமம் அந்த நிமிடம் என் புத்திக்கு எட்டவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எட்டியது. எட்டியதனால்தான் முதல் கையாக என் கையைத் தூக்கினேன். சத்தமில்லாமல் தூக்கினால் போதுமே! அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற ஐந்து கைகளும் எழுந்தன. அக்கா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாய்த்து, ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைத்துணி உரசுகிற சத்தத்தில் எத்தனை கை என்று எண்ணியிருக்க முடியுமா, எனக்குத் தெரியாது. “இப்பப் பழசு வேணுங்கறவங்க” என்றார் கரஸ். அக்கா கையைத் தூக்கினார். நன்றாக, பள்ளிப்பிள்ளை போல, முழங்கை மடங்காமல் தூக்கினார். வார்டன் வாயைப் பொத்திக்கொண்டார். கரஸ் உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினார். கை அப்படியே நின்றது. வேன் பொறுப்பாளர் போனில் மணி பார்த்தார். நெடுநேரம் கழித்துத்தான் அக்கா கேட்டார்: “எறக்கலாங்களா ஐயா?”

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் என் செருப்புச் சத்தத்தை அடையாளம் கண்டு கூப்பிட்டார். “ஏனுங்க சார், எத்தனை கை எனக்கு விழுந்துச்சுங்க?” என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது போயிருக்கலாம். “மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்கக்கா. நான் மட்டும் உங்களுக்குத் தூக்கினேன்” என்றேன். அவர் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணாங்கட்டி! காசு செலவில்லாமல் நல்லவன் பட்டம் கிடைக்கிறதே என்று சொன்னதுதான். அவர் தடவிப் பார்த்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “கரஸ் ஐயாவுக்கு எதிரா எனக்குன்னு தூக்குனீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு வந்துறப் போவுது சாமி, பாத்து இருந்துக்குங்க” என்றார். வேலை போகப்போகிறவர் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டார்.

புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவருக்கு நான்கு நாள் கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை, எட்டு வருடப் பழக்கத்தை விரல்களிலிருந்து உதற முயன்றுகொண்டே இருந்தார். பழைய இடத்துக்கே விரல் ஓடும். வேறு ஏதோ திறந்துகொள்ளும். அது வேறெதையோ வாசிக்கும். எதிரே பெற்றோர் வரிசை நிற்கும். ஒரு சான்றிதழில் ஒரு பையனின் பிறந்த தேதி மாறிப்போயிற்று. அதற்காகவே காத்திருந்ததுபோல் கரஸ் அவரைக் கூப்பிட்டு, வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். ஆவண அறை காலியாகத்தான் கிடந்தது. அங்கே ஒரு மேஜை போட்டு, பழைய கம்ப்யூட்டரை வைத்து, அவரை உட்கார வைத்திருக்கலாம். எந்தப் பெற்றோரும் அதன் முதுகைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த யோசனை எனக்குத் தோன்றாமல் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. அன்று கரஸ் நல்ல மனநிலையில் இருந்தார். அதைக் கெடுப்பானேன் என்று விழுங்கிவிட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கடைசி நாள், கணக்குத் தீர்த்த கையோடு, பள்ளியின் விளம்பரக் கையேட்டுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். மேக்கின் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். விரல்களை விசைகளின் மேல் வைக்கச் சொல்லி, சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு நாங்கள் தரும் வாய்ப்பு என்று அதன் கீழே வரி எழுதியவன் நான். அவர் போன பிறகும் இரண்டு வருடம் அந்தப் படம் கையேட்டில் வந்துகொண்டிருந்தது. அவர் மகள் அதற்குள் வெண்ணந்தூர் பக்கம் அரசுப் பள்ளிக்கு மாறிப் பத்தாவதே முடித்துவிட்டாள்.

அதன் பிறகு பல வருடம் நான் அவரைத் தேடிப் போகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவரே போன் செய்து, சௌக்கியம் விசாரிப்பார். வேறு வேலை கிடைத்ததா என்று ஒருமுறை கேட்டேன். “எங்கீங்க சார்” என்று சொல்லிவிட்டு உடனே என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். போன மாதம் வந்த போனில் குரலே வேறாக இருந்தது. மகளுக்கு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்துவிட்டது, வேண்டுதல் இருந்தது, கோயிலில் கெடா வெட்டு. “நீங்க வராம நடக்காதுங்க சார். எனக்குன்னு நின்னவரு நீங்க ஒருத்தருதான்” என்றார். போகாமல் இருக்க ஒரு சாக்கும் அகப்படவில்லை.

ஊரை ஒட்டிய காட்டுக்குள் கோயில். புளிய மரத்தடியில் பந்தி. மேச்சேரிக் கெடா என்று பெருமையாகச் சொன்னார்கள். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. என் குரல் கேட்டதும் கையை நீட்டிக்கொண்டு வந்தார். என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டார். “நான் சொல்லுவனே, இந்தக் கைதானுங்க. அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னால எனக்காகத் தூக்குனது இந்த ஒத்தைக் கைதான்!” பெரியவர் ஒருவர் எழுந்து என்னைக் கும்பிட்டார். பந்தியில் முதல் இலையை எனக்குப் போட்டார்கள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

குழம்பு வாளியோடு மகள் வந்தாள். என் இலைக்கு முன்னால் குனிந்து, சோற்றில் குழி பறித்து ஊற்றினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “அது கண்ணாடி ரூமுங்க சார்” என்றாள் தணிந்த குரலில். “அம்மாகிட்டச் சாவி வாங்கோணும்னு வந்து வெளியே நின்னுட்டிருந்தேன். மொதல்ல தூக்குனது நீங்கதானுங்க.”

அவள் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு ராத்திரியே சொல்லியிருப்பேன். ஊட்டுக்கு வந்ததும், சார் ஒருத்தரு எனக்காகத் தூக்குனாருன்னு அம்மா அழுதுச்சு. நான் சொல்லிட்டா அந்த ஒருத்தருகூட இல்லைன்னு ஆயிருமுங்களே. நீங்க நல்லவராவே இருந்துட்டுப் போங்க சார்.”

பந்தியின் அந்தக் கோடியிலிருந்து அக்கா சத்தமாகக் கேட்டார்: “பாப்பா, சாருக்கு ஈரல் வெச்சியா? நல்லாச் சாப்புடறாங்களா?”

“வெச்சுட்டேம்மா. சாப்புடறாங்க” என்றாள் அவள். இரண்டு துண்டு ஈரலை என் இலையில் வைத்துவிட்டு, நிமிராமல் அங்கேயே நின்றாள்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியிலிருந்து கையை எடுத்தேன். சாப்பிட்டேன்.