ஓ யு ஜி எச் பெட்டி

அந்த அச்சகத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்று பட்டப்பெயர். அகராதி அச்சிடுகிற இடத்தில் வேலை பார்ப்பதால் வைத்தார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எவராயிருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். “அது ஒரு அகராதி புடிச்சதுப்பா” என்று பைண்டிங்காரர்கள் சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது.

இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிழைதிருத்துபவர் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இங்கிலீஷ் சொல் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்வது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று என்றால் சிவப்புப் பேனா தாளைத்தான் திருத்தும். வாசிக்கிற வாய் சொன்னதே சரி, அதுதான் அந்த அறையின் சட்டம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டிப்போயிருக்கும்.

படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் சொல்லிச் சொல்லி நாக்குக்கே ஒன்று பிடிபட்டது. ஓ, யு, ஜி, எச், இந்த நாலு எழுத்தும் கைகோத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. எல்லாருக்கும் தெரிந்த சொல்லில் வந்தால் போய்த் தொலையட்டும், யாருமே சீண்டாத சொல்லிலும் வந்தன. ஒரு இடத்தில் ஒரு மாதிரி உச்சரிப்பு, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. ‘என்ன திமிர் பாரு இந்த நாலுக்கும்’ என்று அவளுக்கு அவற்றின்மேல் பிரியமே வந்துவிட்டது.

பைண்டிங்கில் வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளில் ஒவ்வொன்றாக எழுதி, பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுவைத்தாள். தமிழ்ப் பொருளும் அவளே எழுதினாள். சவ் என்றால் மரங்களுக்குள் காற்று விடும் பெருமூச்சு. கிளஃப் என்றால் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. சஃப் என்றால் சிவப்புக் காலோடு திரியும் ஒரு காக்கை ஜாதி. ஸ்லஃப் என்றால் பாம்பு உரித்துப்போட்ட சட்டை. எச், ஓ, யு, ஜி, எச் என்று எழுதி ஹாக் என்று சொல்கிற ஒன்று வந்தபோதுதான் திணறினாள். நாலுகால் பிராணியின் பின்னங்கால் மூட்டு என்று போட்டிருந்தது. எந்த மூட்டு? அவள் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருந்தார். கடைக்கே போய்க் கேட்டாள்.

“இந்தா, கொக்கி மாட்டித் தொங்கவிடுறோமே, இந்த மூட்டுதான்” என்று அவர் தொட்டுக் காட்டினார். “இதுக்கா இங்கிலீஷ்ல தனியா ஒரு வார்த்தை? வேலை இல்லாதவனுங்க.”

‘கறிக்கடையில் கொக்கி மாட்டும் மூட்டு’ என்று அட்டையில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன. ஊரார் பெயரையெல்லாம் வாய் வலிக்க வாசித்தவளுக்குத் தன் பெயரோடு ஒரே ஒரு புத்தகம் வேண்டும் என்ற ஆசை. டப்பாவைக் கொண்டுபோய்ப் பதிப்பாசிரியரின் மேசைமேல் வைத்தாள். அவர் மேலாக இரண்டு அட்டையைப் புரட்டிவிட்டு, “இதையெல்லாம் யாரும்மா வாங்குவா? இருக்கட்டும், பாத்துச் சொல்றேன்” என்றார். எட்டு மாசம் ஆகியும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டதற்கு, டப்பாவை எங்கே வைத்தேன் என்றே ஞாபகம் இல்லை என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த டப்பா அவள் மேசைக்கே வந்தது. கூடவே அச்சான தாள்கள். அன்றைக்கு வாசிக்க வேண்டிய மூலப்படி அதுதானாம்! மேலே புதிதாக ஒரே ஒரு அட்டை. ‘ஓ யு ஜி எச்: அரிய சொற்கள்’, அதன் கீழே ‘ஆசிரியர்’ என்று போட்டுப் பதிப்பாசிரியரின் பெயர், அவருடைய கையெழுத்தில். கீழே இருந்த நூற்றுப் பன்னிரண்டும் அவள் கையெழுத்து. திருடியதை மறைக்கக்கூட அந்த ஆளுக்குச் சோம்பல். வாசிக்கப்போவது யார் என்று யோசித்திருந்தால்தானே! அவள் ஒரு வாய், அவ்வளவுதான் அவருக்கு.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டப்பாவைத் தூக்கி அவர் மண்டையில் போடலாமா என்றுகூட நினைத்தாள்.

“என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்றார் பிழைதிருத்துபவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. ‘கறிக்கடையில் கொக்கி மாட்டும் மூட்டு’ என்று வாசித்தபோது குரல் உடைந்தே போனது. அந்த ஆள் எந்தக் கறிக்கடையில் போய் நின்றானாம்?

முகப்பைக் கடைசியில் வாசிப்பது வழக்கம். தலைப்பைப் படித்தாள். ‘ஆசிரியர்’ என்று படித்தாள். பிறகு முதலெழுத்தோடு சேர்த்து, எழுத்தெழுத்தாக, தன் பெயரைச் சொன்னாள்.

பிழைதிருத்துபவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “மூலப்படியில அப்படித்தான் இருக்கா?”

அவள் டப்பாவை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள். “இது யார் கையெழுத்துண்ணே? நீங்களே சொல்லுங்க.”

இருபத்தாறு வருஷமாக அவள் எழுத்தைப் பார்த்தவர். நாலைந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தார். “அடப்பாவி” என்றார் மெல்ல. பேனா மூடியைக் கழற்றி, அச்சில் இருந்த பெயரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார்.

திருத்திய புதுத் தாள்கள் மறுநாள் மதியம் வந்தன. அச்சுக்குப் போகப் பதிப்பாசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவளே டப்பாவையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனாள். முகப்பைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள். திருட்டு வேலை அவளுக்குத் தெரியாது.

அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டே பேனாவுக்குக் கை நீட்டினார்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்.”

“நீங்க படிச்சாச்சுல்ல? உங்களவிட இது வேற யாருக்கும்மா தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.

தெரிந்தேதான் செய்திருக்கிறான், பாவி! தாள்களை எடுத்துக்கொண்டாள். டப்பாவை இடுக்கிக்கொண்டாள்.

“இது என்னோடது சார்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் அதற்கும் தலையாட்டினார். அவள் அச்சுக்கூடத்துக்குப் படியிறங்கினாள்.